நோவு என்னும் காவல்

பெங்களூரு மாநகரில், கோரமங்கலாவுக்கும் விவேக் நகருக்கும் இடையே அமைந்துள்ளது ஈஜிபுரா. பிழைப்பு நாடித் தமிழகத்தினின்று வந்த குடும்பங்கள் பல அங்கு நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. அக்குடும்பங்களுள் ஒன்றின் அடுக்களையை நேயர்கள் சிறிது நேரம் மனக்கண்முன் கொணர வேண்டுகிறேன். முறத்தில் இருவகை மிளகாய் கிடக்கின்றது. ஒன்று கன்னட நாட்டுப் பியாடகி மிளகாய். நல்ல சிவப்பு நிறம் தருவது, காரம் குறைந்தது. மற்றொன்று ஊருக்குச் சென்றவர் மூட்டையில் கட்டிக் கொணர்ந்த சம்பா மிளகாய். அதனினும் காரம் மிக்கது. குழம்புப் பொடிக்காக அம்மிளகாயைக் காம்பு கிள்ளி, ஒடித்து, இடித்து முடித்த இல்லத்தரசிக்கு மாலைப் பொழுதில் கை எரிகின்றது. விரல்கள் சிவந்திருக்கின்றன. தொட்டுப் பார்த்தால் சுடுகின்றது. தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் எரிவு அடங்கவில்லை.

இதில் வியப்பென்ன என்று நீங்கள் கேட்கலாம். மிளகாய் தொட்ட கை எரிவது நாம் பிறந்த நாள் முதல் அறிந்த செய்தியே. ஆயினும் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அக்கையை நெருப்புச் சுடவில்லை, கத்தி கீறவில்லை, கிருமி எதுவும் நுழையவில்லை. அவ்வாறிருக்க, அக்கையைச் சிவக்கச் செய்தது யார்? சூடேற்றியது யார்? விடை விந்தையானது. அவ்வேலையைச் செய்தது அப்பெண்மணியின் சொந்த நரம்பேயாகும். நோவைத் தெரிவிப்பதற்கென்று தோலில் பரவியுள்ள அந்நரம்பு, செய்தியை மூளைக்கு அனுப்பியதோடு நில்லாமல், தன் நுனியிலிருந்து சில பொருள்களைக் கசியவிட்டு, அவ்விடத்து இரத்தக் குழாய்களை விரியச் செய்துவிட்டது. அப்பொருள்களுக்கு நரம்புப் பெப்டைடுகள் என்று பெயர். நம் உடலின் நோவு, அழற்சி, நோய் ஆகிய மூன்றிலும் அவற்றுக்குள்ள பங்கினை இன்று ஆராய்வோம்.

நரம்பு என்றவுடன் தந்திக் கம்பியை உவமை கூறுவது வழக்கம். காலில் முள் தைத்தால் செய்தி கம்பி வழியே தலைமை நிலையமாகிய மூளையை அடைகிறது. மூளை ஆணையிட, கால் பின்வாங்குகிறது. இவ்வுவமை பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று. செய்தி உள்நோக்கியே செல்லும் என்று கருதப்பட்ட உணர்வு நரம்புகள், வெளிநோக்கியும் வேலை செய்கின்றன என்பதை 1901-ஆம் ஆண்டில் பேலிஸ் என்னும் ஆங்கிலேய உடலியல் அறிஞர் காட்டினார். தண்டுவடத்தினுள் புகும் உணர்வு நரம்பின் வேர்களை அவர் மின்சாரத்தால் தூண்டியபோது, அந்நரம்பு பரவிய பகுதியின் இரத்தக் குழாய்கள் விரிந்தன. கடிதம் கொண்டு செல்லவேண்டிய தபால்காரர், புறப்பட்ட ஊரிலேயே மடையையும் திறந்துவிட்டதைப் போன்ற நிகழ்ச்சி அது.

இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முன்கையின் உட்புறத்தில் ஒரு மழுங்கிய குச்சியால் சற்று அழுத்திக் கோடிழுங்கள். முதலில் கோடு சிவக்கும். பின்னர் அக்கோட்டைச் சுற்றிலும் ஒரு செம்மை படரும். சிலருக்குக் கோடு தடித்து மேலெழும். இம்மூன்றையும் 1927-இல் தாமஸ் லூயிஸ் என்னும் மருத்துவ அறிஞர் விளக்கமாக எழுதி வைத்தார். அவற்றுள் சுற்றிப் படரும் செம்மையே நம் கவனத்துக்குரியது. குச்சி தொடாத இடமும் சிவக்கக் காரணம் என்ன? தோலின் நரம்பு முற்றும் அழிந்துபோன இடத்தில் அச்செம்மை படர்வதில்லை. எனவே அதனைப் பரப்புவது நரம்பே என்பது தெளிவாயிற்று. எப்பொருளைக் கொண்டு பரப்புகிறது என்பது மட்டும் அப்போது விளங்கவில்லை.

அப்பொருளின் வரலாறும் சுவை மிக்கதே. 1931-இல் லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த வான் ஆய்லர், காடம் என்னும் இருவர், குதிரையின் மூளையிலிருந்தும் குடலிலிருந்தும் ஒரு சாற்றை வடித்து எடுத்தனர். அது குடலைச் சுருங்கச் செய்தது. இரத்த அழுத்தத்தைக் குறைத்தது. தூளாக உலர்த்தி வைத்த அச்சரக்குக்குப் 'பொருள் பி' என்று பெயர் நிலைத்துவிட்டது. நாற்பது ஆண்டுக்காலம் அதன் உள்ளமைப்பை யாரும் அறியவில்லை. பின்னர் அமெரிக்காவில் சூசன் லீமன் என்னும் பெண் அறிஞர், மாட்டு மூளையின் ஒரு பகுதியில் வேறொரு சுரப்புப் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். தேடியது அகப்படவில்லை. ஆனால் அவர் பிரித்தெடுத்த சாற்றினை ஊசி மூலம் செலுத்தியபோது எலிகளுக்கு உமிழ்நீர் பெருகியது. அதனை விடாது பின்பற்றிச் சென்ற அவரும் அவர்தம் உடனாய்வாளர் சாங் என்பாரும், 1971-இல் அதுவே பழைய 'பொருள் பி' என்றும், பதினோர் அமினோ அமிலங்கள் கோத்த சிறு தொடர் அது என்றும் நிறுவினர்.

அமினோ அமிலங்களை மலர்கள் என்று கொண்டால், புரதம் என்பது நூற்றுக்கணக்கான மலர்களைத் தொடுத்த பெரிய மாலை. பெப்டைடு என்பது கூந்தலில் சூடும் சிறு சரம். நரம்பணுக்கள் தொடுத்து, தம் நுனிகளில் சேமித்து வைத்து, வேண்டும்போது வெளியிடும் சிறு சரங்களே நரம்புப் பெப்டைடுகள். இவற்றுள் நூற்றுக்கு மேற்பட்டவை இதுவரை அறியப்பட்டுள்ளன. நோவைப் பொறுத்தவரை 'பொருள் பி'யும், 'சி.ஜி.ஆர்.பி.' என்று சுருக்கமாக வழங்கும் மற்றொன்றும் முதன்மையானவை. பின்னது முப்பத்தேழு அமினோ அமிலங்களால் ஆனது. 1982-ஆம் ஆண்டை ஒட்டி அறியப்பட்டது. இரத்தக் குழாய்களை விரிப்பதில் அதற்கு நிகரானவை மிகச் சிலவே.

இனி நம் ஈஜிபுரா அடுக்களைக்குத் திரும்புவோம். மிளகாயின் காரத்துக்குக் காரணமான பொருள் கேப்சைசின் என்பது. அது நீரில் எளிதில் கரையாது. ஆகவேதான் தண்ணீரில் கழுவிப் பயனில்லை. கையில் எண்ணெய் தடவிப் பின் சோப்பிட்டுக் கழுவினால் எரிவு தணியும். தோலின் நோவு நரம்புகளில் ஒரு வாயில் உண்டு. சுமார் 43 பாகை செல்சியஸ் வெப்பம் பட்டால் அவ்வாயில் திறக்கும். நெருப்பு நெருங்குகிறது என்று நரம்பு அறைகூவும். கேப்சைசின் அதே வாயிலின் கள்ளச் சாவி. நெருப்பின்றியே அது வாயிலைத் திறந்துவிடுகிறது. ஆகவேதான் மிளகாய் பட்ட இடம் 'எரிகிறது' என்கிறோம். நரம்பின் கணக்கில் அது நெருப்பே. இவ்வாயிலை 1997-இல் கண்டறிந்து காட்டிய டேவிட் ஜூலியஸ் என்னும் அமெரிக்கருக்கு 2021-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பறவைகளின் நரம்பு வாயிலை இச்சாவி திறப்பதில்லை. கிளி மிளகாயைக் கொத்தித் தின்று களிப்பதன் மறைபொருள் இதுவே.

வாயில் திறந்ததும் இரண்டு காரியங்கள் நிகழ்கின்றன. செய்தி தண்டுவடத்தை நோக்கி ஓடுகிறது. அதே வேளையில் நரம்பின் நுனியிலிருந்து 'சி.ஜி.ஆர்.பி.'யும் 'பொருள் பி'யும் கசிகின்றன. முன்னது குழாய்களை விரிக்க, இரத்தம் பெருகி இடம் சிவந்து சூடாகிறது. பின்னது குழாய்ச் சுவர்களின் இடுக்குகளைத் தளர்த்த, நீர் கசிந்து வீங்குகிறது. அதோடு, திசுக்களில் காவல் இருக்கும் ஒருவகை அணுக்களைத் தூண்டி ஹிஸ்டமின் என்னும் பொருளையும் வெளிவரச் செய்கிறது. செம்மை, சூடு, வீக்கம், நோவு என்னும் நான்கும் சேர்ந்ததே அழற்சி. அழல் என்பது நெருப்பு. அதனடியாகவே அழற்சி என்னும் சொல் பிறந்தது. கன்னடத்தில் இதனை 'உரியூத' என்பர். உரி என்பது எரிவு. ஊத என்பது வீக்கம். இரு மொழியினரும் நெருப்பையே கண்டனர் என்பது நோக்கத்தக்கது.

நரம்பு விளைக்கும் இவ்வழற்சியை ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பித்தவர்கள் ஹங்கேரி நாட்டு யாஞ்சோவும் அவர் குழுவினரும் ஆவர். 1967-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு, உணர்வு நரம்பை வெட்டி அது நலிந்தழிந்த பிறகு, காரப் பொருளால் அவ்விடத்தில் அழற்சி தோன்றுவதில்லை என்று காட்டியது. கேப்சைசினையே மிகுதியாகச் செலுத்தி நரம்பைச் சோர்வுறச் செய்தாலும் அதே விளைவு உண்டாயிற்று. இவ்வறிவு பிற்காலத்தில் மருந்தாயிற்று. அக்கி வந்து ஆறிய பின்னும் நீங்காத எரிவுக்குக் கேப்சைசின் களிம்பினை மருத்துவர்கள் இன்று பயன்படுத்துகின்றனர்.

இத்தனை ஏற்பாடும் உடலுக்கு எதற்கு? காயம் பட்ட இடத்துக்கு இரத்தம் பெருகி வரவேண்டும். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் வந்து சேரவேண்டும். புதிய தோல் வளரவேண்டும். இவையனைத்துக்கும் முதற்குரல் கொடுப்பவற்றுள் நோவு நரம்பும் ஒன்று. ஆகவே நோவு நரம்பு முறையிடும் நரம்பு மட்டுமன்று. பழுது பார்க்கும் ஆட்களை அழைக்கும் நரம்பும் ஆகும்.

நோவை மூட்டும் பெப்டைடுகள் உள்ளவாறே, அதனைத் தணிக்கும் பெப்டைடுகளும் நம் உடலில் உண்டு. அபின் நோவைத் தணிக்கும் என்பது பழங்கால மக்களும் அறிந்தது. ஒரு செடியின் பால் மனித மூளையில் ஏன் வேலை செய்யவேண்டும்? மூளை தனக்கென ஒரு அபினைத் தானே செய்துகொள்கிறது போலும் என்ற ஐயம் அறிஞர்க்கு எழுந்தது. 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்னும் இருவர் பன்றி மூளையிலிருந்து ஐந்தே அமினோ அமிலங்களாலான இரு பெப்டைடுகளைப் பிரித்தெடுத்தனர். அவற்றுக்கு என்கெபலின் என்று பெயரிட்டனர். அதன்பின் எண்டார்பின் முதலிய வேறு சிலவும் அறியப்பட்டன. இவை தண்டுவடத்தில் நோவுச் செய்தி நுழையும் இடத்திலேயே, 'பொருள் பி' முதலியன வெளிவருவதைத் தடுத்து நிறுத்த வல்லவை. போரில் காயமுற்ற வீரர் சண்டை முடியும் வரை நோவை உணராதிருப்பதில் இவற்றுக்கும் பங்குண்டு என்று கருதப்படுகிறது.

1978-இல் அமெரிக்காவில் கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. மருந்தில்லாத வெறும் ஊசியை நோவு மருந்தென்று நம்பி ஏற்றவர் பலருக்கு நோவு குறைந்தது. அபினின் செயலை முறிக்கும் நலாக்சோன் என்னும் மருந்தைக் கொடுத்ததும் அந்நன்மை குன்றியது. ஆகவே நம்பிக்கையால் விளைந்த தணிவும் வெறும் கற்பனையன்று. உடல் சுரந்த பொருளின் வேலை என்பது புலனாயிற்று. நோயாளியிடம் அன்பாகப் பேசும் மருத்துவரும், அருகிருந்து ஆறுதல் கூறும் உறவினரும் தம்மை அறியாமலே மருந்து கொடுக்கின்றனர் என்று கூறினால் அது மிகையன்று.

இனி நோயைப் பற்றிக் கூறுவோம். காவலர் தேவை, ஆனால் திருடன் போன பின்னும் காவலர் ஓயாது கூச்சலிட்டால் ஊர் உறங்க இயலாது. ஒற்றைத் தலைவலி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தலையின் ஒரு பக்கம் தெறிக்க, ஒளியும் ஒலியும் பொறுக்க முடியாமல், வாந்தியெடுத்து இருட்டறையில் படுத்திருப்போரை நாம் கண்டிருக்கிறோம். வேலைக்குச் செல்ல மனமில்லாமல் சொல்லும் சாக்கு என்று அவர்களைப் பழித்தவர்களும் உண்டு. 1990-இல் கோட்ஸ்பி, எட்வின்ஸன் முதலியோர், தலைவலி தாக்கும் வேளையில் கழுத்தில் ஓடும் இரத்தக் குழாயில் 'சி.ஜி.ஆர்.பி.' மிகுந்திருப்பதைக் கண்டனர். பொய்யென்று பழிக்கப்பட்ட நோவுக்குச் சான்று கிடைத்துவிட்டது. அப்பெப்டைடின் வேலையைத் தடுக்கும் மருந்துகள் பின்னர் உருவாயின. தலைவலி வராமல் காக்கும் அவ்வகை ஊசி மருந்துக்கு முதன்முதலாக 2018-இல் அமெரிக்க அரசு இசைவளித்தது.

மூட்டழற்சியிலும் நரம்பின் கை உண்டு. பக்கவாதத்தால் உடலின் ஒரு பக்கம் செயலிழந்தவர்க்குப் பின்னர் மூட்டழற்சி தோன்றும்போது, செயலிழந்த பக்கத்து மூட்டுகளில் அது குறைந்தே காணப்பட்டதை மருத்துவர்கள் குறித்துள்ளனர். சொரியாசிஸ் என்னும் தோல்நோயில், நரம்பு அறுபட்ட இடத்துத் திட்டு மறைந்ததும் பதிவாகியுள்ளது. நீண்ட நாள் நீடிக்கும் நோவில் மற்றொரு தீங்கும் நேர்கிறது. மீண்டும் மீண்டும் வரும் செய்திகளாலும் அவற்றோடு வெளிவரும் பெப்டைடுகளாலும் தண்டுவடத்து நரம்பணுக்கள் கூர்மையடைந்துவிடுகின்றன. அதன்பின் மெல்லிய தொடுதலும் நோவாகத் தோன்றும். காயம் ஆறியிருக்கும்; படத்தில் ஒன்றும் தெரியாது; நோவு மட்டும் மெய்யாகவே இருக்கும். கட்டட வேலையிலும் ஆலை வேலையிலும் முதுகொடியும் நம் மக்கள் பலர் இந்நிலையை அறிவர். அவர்களை நடிப்பவர் என்று கூறுவது அறியாமையாகும்.

அவ்வாறாயின் இப்பெப்டைடுகளை அடியோடு நிறுத்திவிட்டால் நோவற்ற வாழ்வு கிட்டுமன்றோ என்று தோன்றும். அறிஞரும் அவ்வாறே எண்ணினர். 'பொருள் பி'யின் வேலையைத் தடுக்கும் மருந்துகளைச் செய்து 1990-களில் நோயாளிகளிடம் சோதித்தனர். விலங்குகளிடம் வெற்றி கண்ட அம்மருந்துகள் மனிதரின் நோவைத் தணிப்பதில் தோல்வியுற்றன. நோவுக்கு ஒரே கம்பி, ஒரே பொருள் என்பது கிடையாது. ஒன்றை அடைத்தால் மற்றொன்று வழிவிடுகிறது. ஆயினும் அம்முயற்சி வீண்போகவில்லை. அவ்வகை மருந்தொன்று புற்றுநோய் மருத்துவத்தின்போது உண்டாகும் கடும் வாந்தியைத் தடுப்பதாகக் கண்டறியப்பட்டு, 2003 முதல் வழக்கில் உள்ளது.

நோவே இல்லாத உடல் எவ்வாறிருக்கும் என்பதைக் காண நாம் அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. தமிழகத்து வேலூரே அதற்குச் சான்று கூறும். 1914-இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்டு என்னும் ஆங்கிலேயர், அறுவை மருத்துவராகி, 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். செங்கற்பட்டிலிருந்த தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்ற அவர், மடங்கிப்போன விரல்களையும் புண்ணான பாதங்களையும் கண்டார். தொழுநோயால் சதை தானே அழுகி உதிர்கிறது என்பது அந்நாளைய நம்பிக்கை. பிராண்டு நோயாளிகளின் அன்றாட வாழ்வைக் கூர்ந்து நோக்கினார். கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் எடுப்பதையும், செருப்பின் ஆணி குத்துவதை அறியாமல் நடப்பதையும், ஏற்பட்ட புண்ணின்மேலேயே பொறுப்பின்றி நாள்தோறும் நடப்பதையும் கண்டார். விரல்களை அழித்தது நோயின் அழுகல் அன்று. நோவின் இன்மையே என்பதை அவரும் அவர் தோழர்களும் வெளிப்படுத்தினர். மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை முறைகளையும், பாதத்தைக் காக்கும் காலணிகளையும் வேலூரிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரி ஆய்வு நிலையத்திலும் வளர்த்தனர்.

தொழுநோய்க் கிருமி நரம்பைப் போர்த்தியிருக்கும் அணுக்களில் குடிபுகுந்து நரம்பை அழிக்கிறது. 1989-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நூறு தொழுநோயாளிகளின் தோலை நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்து, நரம்புப் பெப்டைடுகள் அங்கு மிகவும் குன்றிப்போயிருப்பதைக் காட்டியது. இதன் பொருளை நாம் இப்போது நன்கு உணரலாம். நரம்பு அழிந்தபோது காவற்குரல் மட்டும் அடங்கவில்லை. பழுது பார்க்க ஆளழைக்கும் குரலும் சேர்ந்தே அடங்கிற்று. நோவாத புண் எளிதில் ஆறாமைக்கு இது ஒரு காரணம். நீரிழிவு முற்றியவரின் பாதத்திலும் ஏறத்தாழ இதுவே நேர்கிறது.

பிராண்டு 1966-இல் அமெரிக்கா சென்றபின் வேறொரு முயற்சியில் இறங்கினார். உணர்விழந்தோர்க்குச் செயற்கை நோவைப் படைக்க முனைந்தார். அழுத்தம் மிகுந்தால் காதில் ஒலிக்கும் கருவி பொருத்திய கையுறை செய்தார். ஒலியை நோயாளிகள் பொருட்படுத்தவில்லை. மெல்லிய மின்னதிர்ச்சி தரும்படி மாற்றினார். வேலைக்கு இடையூறென்று கருவியை அவர்களே நிறுத்தி வைத்தனர். முடிவில் அம்முயற்சி கைவிடப்பட்டது. நிறுத்த முடியாதபடி இயற்கை வைத்த நோவுக்கு நிகராக மனிதன் ஒன்றைச் செய்ய இயலவில்லை. நோவைத் தம் வாழ்நாள் முழுதும் தணிக்க உழைத்த ஒரு மருத்துவர், நோவு ஒரு கொடை என்று கூறும் நிலைக்கு வந்ததன் காரணம் இதுவே.

நேயர்களே, இவ்வளவும் கேட்டபின் நாம் செய்யத்தக்கது யாது? நோவு நம் பகையுமன்று. பொறுத்துப் பொறுத்து அடக்கவேண்டிய சோதனையுமன்று. அது ஒரு செய்தி. செய்தி வந்தால் படிக்கவேண்டும். விடுப்பெடுத்தால் கூலி போய்விடும் என்ற அச்சத்தால், கடையில் நோவு மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோர் நம்மிடையே பலர். அம்மாத்திரைகளில் பல, பெப்டைடுகளை அன்றி, அழற்சியில் பங்குகொள்ளும் வேறொரு பொருளைத் தடுப்பவை. அளவின்றி உண்டால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கேடும் தரவல்லவை. சில நாட்களில் தீராத நோவுக்கு மருத்துவரையே நாடவேண்டும். ஈஜிபுராவில் வாழ்வோர்க்கு இதில் குறையில்லை. கோரமங்கலாவில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையும், ஓசூர் சாலையில் மூளைக்கும் நரம்புக்குமென்றே அமைந்த நிம்ஹான்ஸ் நிறுவனமும் தொலைவில் இல்லை. நிம்ஹான்ஸ் 1974-இல் இப்பெயருடன் உருவாகி, நாடெங்கிலுமிருந்து வரும் நோயாளிகளை ஏற்று வருகிறது.

நோவைக் காட்டிலும் நோவின்மைக்கு மிகுதியாக அஞ்சுங்கள். தோலில் நிறம் வெளுத்த அல்லது சிவந்த படை ஒன்று தோன்றி, அவ்விடம் தொட்டாலும் சுட்டாலும் உணராதிருந்தால், ஒரு நாளும் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். 2023-இல் உலகெங்கும் புதிதாகக் கண்டறியப்பட்ட தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டினர். அந்நோய்க்கு அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். நரம்பு அழியுமுன் உண்டால் ஊனமின்றி முற்றும் குணமாகும். மறைத்து வைப்பதே கேடு. நீரிழிவு உள்ளோர் இரவில் உறங்கச் செல்லுமுன் இரு பாதங்களையும் விளக்கொளியில் பார்க்கவேண்டும். குனிய இயலாதவர்க்கு வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். உணராத பாதத்துக்குக் கண்ணே நரம்பாக வேண்டும்.

மொழி தெரியாத ஊரில் நம் துன்பத்தை எவ்வாறு எடுத்துரைப்பது என்று தயங்குவோர்க்கு ஒரு சொல் கூறி முடிக்கிறேன். தமிழில் நோவு என்பது கன்னடத்திலும் 'நோவு'. நம் எரிவு அங்கே 'உரி'. கைகால் மரத்துப்போதலை அவர்களும் மரத்தை நினைந்தே 'மரகட்டு' என்பர். முன்னாளில் ஒரு குடும்பமாக இருந்த இரு மொழிகளும், பிரிந்து போகையில் இச்சொற்களைத் தம்மோடு கொண்டு சென்றன போலும். ஆகவே வாய்திறந்து சொல்லுங்கள். உங்கள் சொல் மருத்துவருக்கு விளங்கும். எங்கே நோகிறது, என்றிலிருந்து நோகிறது, எங்கே மரத்திருக்கிறது என்பதை ஒளிக்காமல் கூறுங்கள். உடலுக்குள் பதினோர் அமினோ அமிலங்களாலான ஒரு சிறு தூதன் தன் கடமையைச் செய்து முடித்துவிட்டான். அவன் கொணர்ந்த செய்தியை உரியவரிடம் உரிய காலத்தில் சேர்ப்பிப்பது நம் கடமையாகும்.